குட்டை மேக்னம் வாங்கலாமா? டர்பனில் ஐந்து மாதம் அளந்து பார்த்தது

தென்னாப்பிரிக்காவில் வேட்டைத் துப்பாக்கி வாங்கப் பணம் மட்டும் போதாது. தேர்ச்சிச் சான்றிதழ் வேண்டும், சுவரில் போல்ட் அடித்து இறுக்கிய இரும்புப் பெட்டி வேண்டும், அதற்கு மேல் போலீசுக்கு ஒரு கடிதமும் எழுத வேண்டும். எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா, எந்த விலங்குக்கு, ஏன் இதுவே வேண்டும் என்று காரணம் சொல்கிற கடிதம். இங்கே எல்லோரும் அதை 'மோட்டிவேஷன்' என்பார்கள். 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், எப்போதாவது வேட்டைக்குப் போகிறவர்களுக்கான உரிமம் 15-ஆம் பிரிவில் வருகிறது. அந்தப் பிரிவில் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளுக்கான இடங்கள் மிகவும் குறைவு. ஒரு இடத்தை யோசிக்காமல் நிரப்பிவிட்டால் அப்புறம் வருத்தப்பட வேண்டியதுதான்.

எனக்கு ஒரு .300 டபிள்யூ.எஸ்.எம். துப்பாக்கி விலைக்கு வந்தது. வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம் என்பதன் சுருக்கம் அது, குட்டை மேக்னம் என்று நான் சொல்வது இதைத்தான். டர்பன் பக்கத்துப் பைன்டவுனில் நான் டூல்ரூமில் வேலை பார்க்கிற தொழிற்சாலையின் போர்மேனுடையது. தோள்பட்டையில் அறுவை சிகிச்சை ஆனதால் இனிமேல் அந்த உதை தாங்காது என்று விற்க முடிவு செய்திருந்தார். துப்பாக்கி சுத்தமாக இருந்தது. 61 செ.மீ. குழல், உள்ளே தேய்மானம் இல்லை, விலையும் நியாயம். அன்று இரவே சாட்ஸ்வொர்த்தில் மாமா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மாமா என்றால் என் மனைவியின் அப்பா. 30-06 என்ற பழைய ரகத் தோட்டா போடும் ஒரே துப்பாக்கியோடு முப்பது வருடமாகக் காட்டுக்குப் போகிறவர். நான் கோவில்பட்டியிலிருந்து வந்த புதிதில் எனக்குக் குறி பார்க்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

முழுவதும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "மாப்பிள்ளை, என் துப்பாக்கி செய்யாத எந்த வேலையை அது செய்யும்? அதைக் கடிதத்தில் எழுதுங்க. வேற ஒண்ணும் எழுத வேணாம்."

என்னிடம் பதில் இல்லை. விளம்பரத்தில் படித்ததும் கடைக்காரர் சொன்னதும்தான் இருந்தன. அதனால் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை, நேரம் கிடைத்தபோதெல்லாம், மூன்று துப்பாக்கிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தேன்: மாமாவின் 30-06, போர்மேனின் .300 டபிள்யூ.எஸ்.எம்., மச்சானின் .300 வின்செஸ்டர் மேக்னம் (சுருக்கமாக வின் மேக்). உரிமக்காரர் கூடவே நின்று கண்காணித்தால் இன்னொருவர் சுடலாம் என்று சட்டம் இடம் தருகிறது. அதனால் போர்மேன் ஒவ்வொரு முறையும் கூட வந்தார். அவருடைய பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

சாப்பாட்டு மேசையில்

முதல் வேலைக்கு வெடிமருந்து எதுவும் தேவைப்படவில்லை. சுட்டு முடித்த காலிப் பித்தளை உறைகள், ஒரு வெர்னியர் அளவுகோல், நகைக்கடைத் தராசு, ஒரு சொட்டுக் குழாய், அத்தையின் பழைய எவர்சில்வர் தட்டு. அவ்வளவுதான்.

குட்டை மேக்னம் என்றால் என்ன என்று முன்பின் தெரியாதவர்களுக்கு: மேக்னம் என்றால் சாதாரணத் தோட்டாவைவிட மருந்தும் வேகமும் கூடுதலான தோட்டா. அது நீளமானது என்பதுதான் பழைய வழக்கம். 1912-இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டுவந்த .375 தோட்டாவின் அடிப்பகுதியில் மோதிரம் போல ஒரு பெல்ட் இருக்கும். 1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னமும் அந்த வம்சம்தான். நீளத்தைக் குறைத்து வயிற்றைப் பெருக்கினால் அதே வேகம் கிடைக்காதா என்ற யோசனையும் பழையது. 1965-இல் ரெமிங்டன் .350 மேக்னம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, அது பெரிதாக ஓடவில்லை. 1975-இல் பால்மிசானோ, பிண்டெல் என்ற இரண்டு பேர் போட்டிச் சுடுதலுக்காகக் குட்டையும் குண்டுமான பி.பி.சி. தோட்டாக்களை உருவாக்கினார்கள். காகித இலக்கில் அவை சாதித்ததைப் பார்த்த பிறகுதான் இந்த வடிவத்துக்கு மதிப்பு வந்தது. 2001-இல் வின்செஸ்டர் .300 டபிள்யூ.எஸ்.எம். தோட்டாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. டபிள்யூ.எஸ்.எம். உறையின் தாய் .404 ஜெஃப்ரி. இந்தக் கண்டத்தில் யானையையும் காட்டெருமையையும் வீழ்த்திய நூறு வருடத்துக்கும் மேலான தோட்டா அது. அமெரிக்காவில் பிறந்தது என்று நாம் நினைக்கிற தோட்டாவின் வயிறு ஆப்பிரிக்க வேட்டைத் தோட்டாவின் வயிறு.

வெர்னியர் சொன்னது இது. முழுத் தோட்டாவின் நீளம்: 30-06 தோட்டாவுக்கு 84.3 மி.மீ., டபிள்யூ.எஸ்.எம். தோட்டாவுக்கு 72.4 மி.மீ. வின் மேக் 30-06 அளவுக்கே நீளம். வயிற்றின் அகலத்தில் நிலைமை தலைகீழ். 30-06 உறையின் அடிப்பக்கம் 12 மி.மீ., டபிள்யூ.எஸ்.எம். 14.1 மி.மீ. உறையின் அடியில் உள்ள விளிம்பு மட்டும் வயிற்றைவிடக் கொஞ்சம் உள்ளடங்கி 13.6 மி.மீ. இருக்கிறது. பழைய மேக்னம்களுக்குச் செய்த போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னால் அடைக்கும் தண்டின்) முகத்திலேயே இது உட்காருவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். வயிறு கழுத்தாகக் குறுகும் இடத்துக்குத் தோள் என்று பெயர். அதன் சரிவு 35 டிகிரி. கையில் உருட்டிப் பார்த்தாலே தோள் வெடுக்கென்று திரும்புவது தெரியும். இந்த வயிறும் இந்தத் தோளும் பின்னால் எனக்கு ஒரு நாள் முழுக்க வேலை வைத்தன. அதைச் சொல்கிறேன்.

கொள்ளளவைத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சுட்ட உறையில் பழைய பிரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியை, எடுக்காமல் விட்டால் அடியில் ஒழுகாது. வாய் வரை சொட்டுச் சொட்டாக நிரப்பி, மேலே குமிழ் இல்லாமல் விரலால் தட்டி, எடை போட்டு, காலி எடையைக் கழித்தால் போதும். 30-06: 4.4 கிராம். டபிள்யூ.எஸ்.எம்.: 5.2 கிராம். வின் மேக்: 6 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொன்றிலும் ஐந்து உறை பார்த்தேன், பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆக, வின் மேக்கைவிட எட்டில் ஒரு பங்கு குறைவான இடம். இதை வைத்துக்கொண்டு அதே வேகம் வருகிறதா என்பதுதான் கேள்வி.

பெல்ட் இல்லாதது ஒரு நல்ல விஷயம் என்று நான் நினைக்கிறேன். பெல்ட் உள்ள தோட்டா சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில்) பெல்ட்டைப் பிடித்து நிற்கும். தோளுக்கு முன்னால் இடைவெளி இருந்தால், சுடும்போது உறை அந்த இடைவெளிக்கு நீளும். மறுபடி மருந்து போட்டுப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பெல்ட்டுக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்து, ஒரு பளபளப்பான கோடு தெரியும். மச்சானின் பழைய உறைகளில் இரண்டில் அந்தக் கோட்டைப் பார்த்து அங்கேயே நசுக்கிப் போட்டுவிட்டேன். டபிள்யூ.எஸ்.எம். தோளைப் பிடித்து நிற்கிறது, அதனால் அந்தத் தொல்லை குறைவு.

சுடுதளத்தில்

மார்ச் மாதம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஒரு சுடுதளத்தில் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வைத்துப் பார்த்தோம். மூன்றிலும் 180 கிரெயின் குண்டுதான், அதாவது 11.7 கிராம். ஈயம் நிரப்பிய சாதாரண வேட்டைக் குண்டு. பத்துப் பத்து முறை சுட்டு எடுத்த சராசரி: மாமாவின் துப்பாக்கி வினாடிக்கு 811 மீட்டர், டபிள்யூ.எஸ்.எம். 896, வின் மேக் 899.

போர்மேன் சிரித்தார். மச்சானுக்குக் கொஞ்சம் வருத்தம். "அத்தான், இவ்வளவு நீளமான போல்ட்டை இழுத்து நான் என்ன கண்டேன்?" என்றான். 180 கிரெயின் வரைக்கும் குட்டை மேக்னம் சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் இதில் ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது நேர்மை ஆகாது. இந்தச் சாமர்த்தியம் முழுவதும் உறையின் வடிவத்தால் வந்ததில்லை. அமெரிக்கத் தர அமைப்பு 30-06 தோட்டாவுக்கு அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு, வின் மேக்குக்கு 64,000, டபிள்யூ.எஸ்.எம். தோட்டாவுக்கு 65,000. 1906-இல் பிறந்த 30-06 எத்தனையோ பழைய துப்பாக்கிகளில் இன்னும் ஓடுகிறது, அதனால் அதைக் கொஞ்சம் அடக்கியே வைத்திருக்கிறார்கள். குண்டான வயிற்றில் மருந்து ஒரே சீராக எரிகிறது என்று சொல்வார்கள். பி.பி.சி. தோட்டாக்களுக்குப் புகழ் அதனால்தான். ஆனால் வேட்டைத் துப்பாக்கியில், என்னைப் போன்றவன் கையில், அந்த வித்தியாசம் தெரிந்ததாக நான் சொல்ல மாட்டேன். 100 மீட்டரில் மூன்று குண்டுகள் விழுந்த இடைவெளி 30-06 துப்பாக்கிக்கு 38 மி.மீ., டபிள்யூ.எஸ்.எம். துப்பாக்கிக்கு 29. அது குழலின் குணமாகவும் இருக்கலாம், அன்றைக்கு என் கையின் குணமாகவும் இருக்கலாம்.

அடுத்தது குண்டு எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது. மூன்றையும் 200 மீட்டரில் நேராகப் படும்படி குறி கட்டி, 300 மீட்டரில் அட்டை வைத்துச் சுட்டோம். டபிள்யூ.எஸ்.எம். 21 செ.மீ. கீழே விழுந்தது, 30-06 27 செ.மீ. இதற்குத்தானா இத்தனை பேச்சு என்று தோன்றியது. ஆறு செ.மீ.! ஒரு பிளெஸ்பக் மானின் நெஞ்சில் குண்டு பட வேண்டிய இடம் ஒரு சின்னச் சாப்பாட்டுத் தட்டு அளவு, சுமார் 20 செ.மீ. 300 மீட்டரில் இரண்டு துப்பாக்கிக்கும் மேலே தூக்கித்தான் குறி வைக்க வேண்டும். தூரத்தைத் தெரிந்து வைத்திருந்தால் 21-உம் ஒன்றுதான், 27-உம் ஒன்றுதான். லேசர் தூரமானி சட்டைப்பையில் கிடக்கிற இந்தக் காலத்தில் 'தட்டையாகப் போகும் தோட்டா' என்ற புகழுக்கு நான் பெரிய விலை கொடுக்க மாட்டேன். காற்றுத் தள்ளுவதும் அப்படித்தான். பக்கவாட்டில் வினாடிக்கு 4 மீட்டர் காற்று அடித்தால் 300 மீட்டரில் இரண்டுக்கும் இடையே மூன்று நான்கு செ.மீ. வித்தியாசம்தான் கணக்கில் வருகிறது.

அந்த இடத்திலேயே கடிதத்தை மூடி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்து வேகக் கணக்கைப் போட்டபோது வேறொன்று தெரிந்தது. 300 மீட்டரைத் தொடும்போது டபிள்யூ.எஸ்.எம். குண்டுக்கு வினாடிக்கு 705 மீட்டர் வேகம் மிச்சம் இருக்கிறது. 30-06 குண்டு அதே வேகத்தில் இருப்பது சுமார் 170 மீட்டரில். மாமாவின் துப்பாக்கி 170 மீட்டரில் கொடுக்கிற அடியை இது 300 மீட்டரில் கொடுக்கிறது. அந்த அடி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், பதினைந்து வருடமாகக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. வேகத்தை எண்ணாகப் படித்தபோது எதுவும் புரியவில்லை, தூரமாக மாற்றியதும் புரிந்தது.

முழுச் செம்புக் குண்டு போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். விலங்கின் உடம்பில் பட்டதும் ஈயக் குண்டைப் போல அது சுலபத்தில் விரியாது. பல செம்புக் குண்டுகள் நன்றாக விரிய வினாடிக்கு 600 மீட்டர் அளவுக்காவது வேகம் கேட்கும். 300 மீட்டரில் 30-06 குண்டின் வேகம் 630 பக்கம். எல்லைக் கோட்டில் நிற்கிறது. டபிள்யூ.எஸ்.எம். தாராளமாக உள்ளே இருக்கிறது.

ஆனால் அதே செம்புக் குண்டுதான் குட்டை உறையின் குறையையும் காட்டிக்கொடுக்கிறது. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, ஆகவே அதே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும். தோட்டாவின் மொத்த நீளம் மேகசினுக்கு, அதாவது துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கும் பெட்டிக்கு, அடங்க வேண்டும். அப்படியானால் குண்டின் அடிப்பகுதி உறைக்குள் ஆழமாக இறங்கி மருந்து இருக்க வேண்டிய இடத்தைத் தின்னும். 180 கிரெயின் செம்புக் குண்டு ஒன்றை உறையின் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தால், அது கழுத்தைத் தாண்டித் தோளுக்குக் கீழேயும் போகிறது. வின் மேக்கில் இந்த நெருக்கடி குறைவு. 200 கிரெயினுக்கு மேல் கனமான குண்டு பிடிக்கும் என்றால் நீளமான மேக்னமே நல்லது. டபிள்யூ.எஸ்.எம். வாங்குகிறவர் செம்பில் 165 அல்லது 168 கிரெயினோடு நின்றுகொள்வது புத்திசாலித்தனம் என்பது என் முடிவு.

உதை

3.6 கிலோ எடையுள்ள துப்பாக்கியில் 30-06 கொடுக்கும் பின்னுதை சுமார் 27 ஜூல், டபிள்யூ.எஸ்.எம். 34 ஜூல். காகிதத்தில் ஏழு ஜூல்தான். தோளில் அது என்ன செய்கிறது என்று தெரிய மச்சான் ஒரு பழைய சோதனை சொன்னான். எனக்குத் தெரியாமல் அவன் தோட்டா போட்டுத் தருவான். சில உண்மையானவை, சில மருந்தும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டா. போலி வரும்போது விசை 'டிக்' என்று மட்டும் சொல்லும். அந்த நேரத்தில் குழலின் நுனி அசையாமல் இருந்தால் நான் ஒழுங்காகச் சுடுகிறேன். நுனி கீழே குனிந்தால், உதைக்கு முன்னாலேயே என் உடம்பு உதைக்குப் பயந்துவிட்டது.

30-06 துப்பாக்கியில் ஐந்து போலியில் ஒருமுறை குனிந்தது. டபிள்யூ.எஸ்.எம். துப்பாக்கியில், பதினைந்து குண்டுகள் சுட்ட பிறகு, ஐந்தில் மூன்று முறை. மச்சான் போனில் பிடித்த படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். 'டிக்' சத்தத்துக்கு முந்திய நொடியில் என் கண் இமை இறுக மூடுகிறது, இடது கை துப்பாக்கியைக் கீழே அழுத்துகிறது. நுனி இரண்டு விரல் அளவு இறங்குகிறது. இந்தக் குனிவோடு 300 மீட்டரில் சுட்டால் மான் காலொடிந்து ஓடும். நான் அப்படி ஒரு மானைப் பார்த்திருக்கிறேன், இன்னொன்றைப் பார்க்க விரும்பவில்லை.

சரி, இதைச் சரிசெய்ய முடியுமா என்று பார்த்தேன். போர்மேன் ஆறடிக்கு மேல் உயரம். அவர் கழுத்துக்கு ஏற்றபடி ஸ்கோப் முன்னால் தள்ளியிருந்தது. நான் எட்டிப் பார்க்க வேண்டியிருந்ததால் கட்டை தோளின் குழியில் உட்காராமல் கை மூட்டுப் பக்கம் நின்றது. அவருடைய அனுமதியோடு வளையங்களைத் தளர்த்தி ஸ்கோப்பை 12 மி.மீ. பின்னால் கொண்டுவந்தேன். இதற்கு மேல் பின்னால் வந்தால் புருவத்தில் அடிக்கும். கட்டையின் அடியில் இருந்த கல் மாதிரி கெட்டியான பழைய ரப்பரை எடுத்துவிட்டு, அதே தடிமனில் மெத்தென்ற பேட் ஒன்றைத் துப்பாக்கி மெக்கானிக் பொருத்திக்கொடுத்தார். ஒரு நாளைக்குப் பத்துக் குண்டுக்கு மேல் சுடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். மீதி நேரம் .22 துப்பாக்கி. காதில் அடைப்பான், அதன் மேல் கவசம், இரண்டும். மாமாவுக்கு இடது காது சரியாகக் கேட்காது. அவர் இளம் வயதில் யாரும் காதை மூடியதில்லை.

ஆறு வாரம் கழித்து அதே சோதனை. ஐந்தில் ஒன்று. அதற்குப் பிறகுதான் மேலே போவதென்று முடிவு செய்தேன்.

மூன்றாவது தோட்டா

ஏப்ரலில் ஒரு நாள் மூன்று தோட்டாவையும் மேகசினில் போட்டு வேகமாகப் போல்ட்டை இழுத்துத் தள்ளியபோது, கடைசித் தோட்டா மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. மறுபடி செய்தாலும் அப்படியே. குட்டை மேக்னம்களைப் பற்றி எல்லோரும் சொல்கிற குறை இதுதான். வயிறு பெருத்து, தோள் செங்குத்தாக இருப்பதால், மெலிந்த நீள உறையைப் போல வழுக்கிக்கொண்டு போகாது. மேகசினிலும் மூன்றுதான் அடங்கும். மாமாவின் துப்பாக்கியில் ஐந்து.

வீட்டில், மூன்று போலித் தோட்டாக்களை மட்டும் வைத்துக்கொண்டு, போர்மேன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு ஞாயிறு முழுவதும் இதைப் பார்த்தோம். போல்ட்டை மெதுவாகத் தள்ளி, கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் நடப்பது தெரியும். முதல் இரண்டும் மூக்கைத் தூக்கிக்கொண்டு சேம்பருக்குள் போகின்றன. மூன்றாவது மட்டும் கீழே இருக்கும் தாங்குதகட்டில் பின்பக்கம் உயர்ந்து, முன்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது. போல்ட் தள்ளும்போது அதன் மூக்கு சரிவில் ஏறாமல் மேகசின் சுவரில் முட்டுகிறது.

எனக்கு அரம் எடுக்கக் கை துடித்தது. பதினேழு வருடமாக இரும்பைத் தேய்த்துச் சரிசெய்கிறவன் கை அது. ஆனால் மேகசின் வாயில் உறையை இருபுறமும் பிடிக்கிற விளிம்புகளில் ஒரு தடவை கூடுதலாக அரம் பட்டால் திரும்பப் போட முடியாது. மெக்கானிக்கும் போனில் அதையே சொன்னார்: "விளிம்பைத் தொடாதீங்க, முதல்ல ஸ்பிரிங்கைப் பாருங்க."

அடித்தகட்டைத் திறந்தேன். மடிப்பு மடிப்பாக வளைந்த தகட்டு ஸ்பிரிங். ஒரு முனை தாங்குதகட்டில் செருகும், மறுமுனை அடித்தகட்டில். வெளியே எடுத்து மேசையில் நிறுத்தியபோது ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அந்தச் சாய்வு தோட்டாவின் மூக்குப் பக்கத்தைத் தூக்குவதற்காக. எப்போதோ சுத்தம் செய்தபோது யாரோ முன்னும் பின்னும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு தோட்டாவின் கனம் மேலே இருக்கும்போது வித்தியாசம் தெரியவில்லை, கடைசி ஒன்று தனியாகக் கிடக்கும்போது காட்டிக்கொடுத்துவிட்டது. முனைகளில் இருந்த காய்ந்த எண்ணெய்ப் பசையைத் துடைத்து, திருப்பிப் போட்டு, அடித்தகட்டை மூடினேன். நாற்பது முறை மூன்று மூன்றாக ஓட்டினோம். மெதுவாக, வேகமாக, துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்து, எல்லா விதமாகவும். ஒருமுறைகூட நிற்கவில்லை.

போர்மேன் பத்து வருடம் அந்தத் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போனவர். மூன்றாவது தோட்டா அவருக்குத் தேவைப்பட்டதே இல்லையாம்.

ஹாரிஸ்மித்

ஜூன் மாதம், நான்கு பேரும் ஒரு பக்கியில் (பின்னால் திறந்த சின்ன லாரி). டர்பனிலிருந்து என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறி, முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னால் ஹாரிஸ்மித். கடல் மட்டத்திலிருந்து 1600 மீட்டருக்கு மேல். காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். போன கையோடு குறியைச் சரிபார்த்தோம். காற்று மெலிவு என்பதால் 300 மீட்டரில் குண்டு ஒரு செ.மீ. அளவுதான் உயர்ந்தது.

எங்கள் நட்டால் பக்க முள்காட்டில், ம்கூசே போன்ற இடங்களில், நியாலா மானோ இம்பாலா மானோ 80 மீட்டரில் நிற்கும். 150 மீட்டர் தாண்டிச் சுட வாய்ப்பே வராது. இங்கே நிலம் திறந்த உள்ளங்கை. பிளெஸ்பக் கூட்டம் நம்மைப் பார்த்ததும் 200 மீட்டர் ஓடி, திரும்பி நின்று பார்க்கும். அதற்கு மேல் நெருங்க விடாது.

முதல் நாள் மாமா ஒரு கறுப்பு வில்டபீஸ்டை, மாடு போன்ற பெரிய மான் அது, 150 மீட்டரில் அடித்தார். நெஞ்சில் நேராகப் பட்டும் அறுபது மீட்டர் ஓடி விழுந்தது. அந்த விலங்கின் உயிர் அப்படி. மறுநாள் காலை எனக்கு ஒரு கிழட்டு பிளெஸ்பக் கிடா. தூரமானி 240 என்றது. கறையான் புற்றின் மேல் மூட்டையை வைத்துத் துப்பாக்கியைச் சாய்த்தேன். போர்மேன் தோளருகில் படுத்திருந்தார். கிடா பக்கவாட்டில் திரும்பும்வரை நான்கு நிமிடம் காத்திருந்தேன். நேரே குறி வைத்து விசையை அழுத்தினேன். இருபது அடி நடந்து, முன்னங்கால் மடங்கி விழுந்தது. அந்தத் தூரத்தில் 30-06 சுட்டிருந்தாலும் குண்டு இரண்டு செ.மீ. கீழே பட்டிருக்கும், அவ்வளவே. ஆனால் உள்ளே போன வேகம் மாமாவின் துப்பாக்கிக்கு 110 மீட்டரில் இருக்கும் வேகம். குண்டு நன்றாக விரிந்து, மறுபக்கம் வெளியேறி, இரண்டு நுரையீரலும் போயிருந்தது.

மாலையில் நடந்ததையும் எழுத வேண்டும். ஓடை ஓரத்துப் புதரில் இன்னொரு பிளெஸ்பக் 70 மீட்டரில் எதிர்ப்பட்டது. அதே துப்பாக்கி, அதே குண்டு, தோள் எலும்பில் பட்டது. அங்கேயே விழுந்தது. உரிக்கும் கொட்டகையில் கொக்கியில் தொங்கவிட்டுத் தோலை இறக்கியபோது, இரண்டு முன்தொடையிலும் சதை கறுஞ்சிவப்பாகக் குழம்பி, ஜவ்வுக்கு அடியில் ரத்தம் விரல் தடிமனுக்குக் கட்டியிருந்தது. மாமா கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எறிந்தார். எடை போட்டேன்: இரண்டரைக் கிலோ. பில்டாங், அதாவது இங்கத்து உப்புக்கண்டம், போட்டிருந்தால் ஒரு வாரத்துக்கு வரும். கொத்தமல்லி விதையை வறுத்து இடித்து, வினிகரும் உப்பும் மிளகும் சேர்த்து அத்தை ஊற வைக்கிற பில்டாங். புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டில் கறி கிடையாது, அதற்குள் எல்லாம் தீர்ந்துவிட வேண்டும். அப்படி அளந்து சாப்பிடுகிற வீட்டில் இரண்டரைக் கிலோவைத் தூக்கி எறிவது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. 100 மீட்டருக்குள் சுடுகிறவர்களுக்கு இந்தத் தோட்டா வேண்டவே வேண்டாம். .308 என்ற சாதாரணத் தோட்டா போதும், அதுவும் தாராளமாகப் போதும்.

கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. .308, 30-06 இரண்டும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். .300 டபிள்யூ.எஸ்.எம். டர்பனில் வரும்போது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான், விலையும் கூடுதல். அதன் உடன்பிறப்புகளில் 7 மி.மீ. டபிள்யூ.எஸ்.எம்., .325 டபிள்யூ.எஸ்.எம். இரண்டையும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 2003-இல் இன்னும் குட்டையாக வந்த டபிள்யூ.எஸ்.எஸ்.எம். தோட்டாக்கள் கடையில் கண்ணிலேயே படுவதில்லை. 2018-இல் வந்த 6.5 பி.ஆர்.சி. தோட்டாவுக்கு உதை குறைவு என்று பலர் வாங்குகிறார்கள். நான் சுட்டுப் பார்த்ததில்லை. ஏற்கெனவே வின் மேக் வைத்திருப்பவர் மாற்றத் தேவையே இல்லை என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன்.

ஊர் திரும்பிய வாரம் கடிதத்தை எழுதினேன். ஒன்றரைப் பக்கம். வருடத்துக்கு ஒருமுறை ஹாரிஸ்மித் இருக்கும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத் திறந்தவெளியில் பிளெஸ்பக்கும் கறுப்பு வில்டபீஸ்டும் வேட்டையாடுகிறேன், 200 மீட்டருக்கு மேல் சுட வேண்டி வருகிறது, அந்தத் தூரத்தில் விலங்கு சீக்கிரம் சாக இந்தத் தோட்டாவின் வேகம் உதவுகிறது, முள்காட்டு வேட்டைக்கு இதை எடுத்துப் போக மாட்டேன், 300 மீட்டருக்கு மேல் விலங்கின் மீது சுட மாட்டேன். வேக அளவுகளைச் சேர்த்தேன். மாமாவிடம் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து 300 என்ற எண்ணை அடித்தார், பக்கத்தில் 250 என்று எழுதினார்.

"நீங்க சுட்டது இருநூத்தி நாப்பதுதானே மாப்பிள்ளை?"

ஆமாம் என்றேன். அன்று இரவே திருத்தி அச்செடுத்து, திங்கட்கிழமை காலை போலீஸ் நிலையத்தில் விண்ணப்பத்தோடு கொடுத்தேன். துப்பாக்கி இப்போது கடைக்காரரின் பெட்டகத்தில் இருக்கிறது.